முன்கூட்டில் உட்கார்ந்தால் எது தெரியும், எது மறையும்?
(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



வழக்கமாக நான் வந்தால் உரம், விதை, பூச்சிமருந்து என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "இவருக்கும் வண்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் நினைக்கலாம். நான் மெக்கானிக் இல்லை, விவசாயம் படித்த பட்டதாரி, அவ்வளவுதான். ஆனால் சென்ற மாங்காய்ப் பருவத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு களத்து மேட்டில் நான் கண்ணால் பார்த்த ஒரு காட்சி, கையில் டேப்பை எடுத்து வண்டியை அளக்க வைத்துவிட்டது.

ஒரு பிக்கப் வண்டி மாங்காய் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரம். கேபினுக்கு மேலே இரண்டு அடி உயரத்துக்கு லோடு, அதன்மேல் தார்ப்பாய். வண்டிக்காரர் நல்ல அனுபவசாலி, குடிப்பழக்கம் கிடையாது, அவசரக்காரரும் இல்லை. வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், ரிவர்ஸ் போட்டார். வண்டிக்குப் பின்னால் நட்ட நடுவில் நாலு வயதுப் பேத்தி புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. கேழ்வரகு காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டி போட்ட சத்தத்தில் வண்டி நின்றது. குழந்தையின் பக்கத்திலிருந்த கூடை சக்கரத்தின் கீழே நசுங்கிக் கிடந்தது. கூடையோடு போயிற்று. அந்த மனிதர் இறங்கி வந்து, உடம்பெல்லாம் நடுங்க, "ரெண்டு கண்ணாடியும் பாத்தேன் சார், ஒண்ணுமே தெரியலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்காது. ஏன் தெரியாது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல விரும்புகிறேன். வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், எத்தனை டன் இழுக்கும் என்று கேட்கிறோம், மாதத் தவணை கேட்கிறோம். உள்ளே ஏறி உட்கார்ந்து, "இங்கேயிருந்து எனக்கு எது தெரியாது?" என்று கேட்கிறவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நம் தருமபுரி மாவட்டத்தில் ஓடுகிற சிறு சரக்கு வண்டிகளைப் பொதுவாக இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். ஒன்று மூக்கு நீண்ட ஜாதி. இதில் என்ஜின் முன்னால் பானெட்டுக்குள் இருக்கும், டிரைவர் அதற்குப் பின்னால் உட்காருவார். மகிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா இந்த வகை. மற்றொன்று மூக்கு இல்லாத தட்டை முகம். டிரைவர் கிட்டத்தட்ட முன்சக்கரத்தின் மேலேயே உட்காருவார், என்ஜின் இருக்கைக்கு அடியில் இருக்கும். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊரில் குட்டியானை என்றால்தான் தெரியும், இந்த ஜாதிக்கு முன்னோடி. 2016-ல் வந்த மாருதி சூப்பர் கேரியும் இந்த வகையே. 2011 முதல் ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த்தையும் ஏறத்தாழ இந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். ஓசூர் 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்த ஊர்தான்.

இந்த இரண்டு ஜாதியிலும் முன்பக்கப் பார்வை எப்படி மாறுகிறது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்குதான், பயப்படாதீர்கள். டிரைவரின் கண் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பானெட்டின் முன் விளிம்பு 105 சென்டிமீட்டர் உயரம், கண்ணுக்கும் அந்த விளிம்புக்கும் இடையே 160 சென்டிமீட்டர் தூரம். கண்ணிலிருந்து விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு கயிறு கட்டித் தரைவரை நீட்டினால், அது வண்டியின் மூக்கிலிருந்து சுமார் 3.7 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். அதாவது பன்னிரண்டு அடிக்கு உள்ளே இருக்கிற தரை எதுவுமே டிரைவருக்குத் தெரியாது. குழியானாலும் சரி, கல்லானாலும் சரி, படுத்திருக்கிற கன்றுக்குட்டியானாலும் சரி.

அதே கண் உயரம், அதே விளிம்பு உயரம், ஆனால் தட்டை முக வண்டி என்று வையுங்கள். கண்ணுக்கும் முன் விளிம்புக்கும் தூரம் 75 சென்டிமீட்டர்தான். இப்போது கயிறு சுமார் 1.75 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். மறைகிற தரை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. தட்டை முக வண்டி ஓட்டுகிறவர்கள், "சந்துல பொந்துல பூந்து வரலாம் சார்" என்று சொல்வதற்கு வண்டியின் அகலம் குறைவு என்பது மட்டும் காரணம் அல்ல, இதுவும் ஒரு காரணம்.

கண் உயரத்தை மட்டும் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் கூட்டிப் பாருங்கள். மூக்கு நீண்ட வண்டியில் மறைகிற தூரம் ஓர் அடிக்கு மேல் குறைகிறது. குட்டையான டிரைவர்கள் கெட்டியான ஒரு திண்டு போட்டு உட்காருவதைக் கேலி செய்யாதீர்கள், அது சரியான காரியம். ஆனால் திண்டு நழுவக் கூடாது, பிரேக் மிதி காலுக்கு எட்ட வேண்டும். மெத்து மெத்தென்ற பஞ்சுத் தலையணை வைத்தால் ஒரு மாதத்தில் அமுங்கி, பழையபடி கீழே போய்விடுவீர்கள்.

உட்கார்ந்து விளையாடுகிற குழந்தையின் தலை 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்றால், முதலில் சொன்ன மூக்கு வண்டிக்கு முன்னால் ஏறத்தாழ 2 மீட்டருக்குள் அது அடியோடு மறைந்துவிடும். நின்றுகொண்டிருக்கிற மூன்று அடிக் குழந்தையானால், மூக்கை ஒட்டி அரை மீட்டருக்குள் நிற்கும்போது மறையும். இவை நான் எடுத்துக்கொண்ட உயரங்களுக்கான கணக்கு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை எப்படிப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்த விஷயம் இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. அங்கே பிக்கப் என்றால் நம் வண்டி மாதிரி இல்லை. ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை வண்டி 1948 முதல் வருகிறது. இன்றைய எஃப்-150-ன் அகலம் பக்கக் கண்ணாடிகள் நீங்கலாகவே 2 மீட்டருக்கு மேல், நாலு கதவு வண்டியின் நீளம் 5.8 மீட்டருக்கு மேல் போகும். உள்ளே ஐந்தாறு பேர் கால் நீட்டி உட்காரலாம், ஏர்கண்டிஷன் இருக்கும், சாப்பாடு வைக்கத் தட்டுப்பலகை கூட இருக்கும். நம் ஒருவழிக் கிராமச் சாலை 3.75 மீட்டர் அகலம். எதிரும் புதிருமாக இப்படி இரண்டு வண்டி வந்தால் ஒன்று கேழ்வரகுக் கொல்லையில்தான் இறங்க வேண்டும். நம் நாட்டில் கிடைப்பவற்றில் அந்த ஜாதிக்குக் கொஞ்சம் கிட்டே வருவது இசுசு டி-மேக்ஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை. அவையும் அமெரிக்க அளவுக்கு ஒரு படி கீழேதான்.

வண்டி உயர உயர டிரைவருக்கு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிற எண்ணம் வருகிறது, தூரத்துச் சாலை நன்றாகத் தெரிகிறது. ஆனால் பானெட்டும் கூடவே உயர்ந்துவிட்டால் கிட்டத்துத் தரை மறைந்துபோகிறது. அந்த நாட்டில் காப்பீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்துகிற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. பானெட்டின் முன் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் நடந்து போகிறவர் மேல் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிவான மூக்கும் உள்ள வண்டிகளைவிட, உயிர் போகிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அதில் கண்டார்கள். உயரமான மூக்கு மார்பிலும் தலையிலும் இடிக்கிறது, தாழ்ந்த மூக்கு காலில் இடிக்கிறது, அதுதான் வித்தியாசம். ஆகவே "பெரிய வண்டி, உயரமான வண்டி, அதனால் நல்ல வண்டி" என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் தட்டை முகம்தான் எல்லா விதத்திலும் மேல் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாதுங்க. எதிரே வருகிற வண்டியோடு மோதினால், தட்டை முகத்தில் டிரைவரின் முழங்காலுக்கும் எதிராளி வண்டிக்கும் நடுவே ஒரு தகடுதான் இருக்கும். மூக்கு வண்டியில் பானெட் முதலில் நசுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அடுத்தது சூடு. இருக்கைக்கு அடியில் என்ஜின் இருந்தால் சித்திரை மாத மத்தியான வேளையில் உட்காருகிற இடமே அடுப்பு மாதிரி ஆகிவிடும். என்ஜினைப் பார்க்க வேண்டுமானால் இருக்கையைத் தூக்க வேண்டும். மூன்றாவது, முன்சக்கரத்தின் மேலேயே உட்காருவதால் குண்டும் குழியுமான பாதையில் இடுப்பு ஒடிந்துவிடும். பென்னாகரத்திலிருந்து தினமும் ஓட்டுகிற ஒருவர் என்னிடம், "வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாத்தினேன் சார், எனக்குத்தான் மாத்த முடியலே" என்றார்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகிறவற்றுக்கு கேபினில் ஏர்கண்டிஷன் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நம் பிக்கப்பும் குட்டியானையும் அந்த எடைக்குள் அடங்குவதால் இந்த விதி இவற்றைத் தொடாது. ஆகவே வாங்குகிறவர்தான் காற்றோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய், வெயில் ஏறித் திரும்புகிறவருக்கு இது சொகுசு விஷயம் இல்லை. தூக்கக் கலக்கத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டே விநாடி கண் சொருகினால் வண்டி 33 மீட்டர் தானாக ஓடியிருக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் 33 மீட்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பின்பக்கம். களத்து மேட்டுச் சங்கதிக்கு வருகிறேன்.

வெறும் வண்டியாக இருந்தால் கேபினின் பின் கண்ணாடி வழியாக, பின் கதவுக்கு மேலே கொஞ்சம் தெரியும். லோடு ஏற்றியவுடன் அந்த வழி அடைபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பவை இரண்டு பக்கக் கண்ணாடிகள். பக்கக் கண்ணாடி, பெயருக்கேற்ப, பக்கத்தைத்தான் காட்டும். கண்ணாடியில் நாம் பார்க்கிற இடம் வண்டியின் உடம்பைவிட 20 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது, அங்கிருந்து வண்டியின் பின் மூலை 4 மீட்டர் தூரம், வண்டி அகலம் 1.7 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பின் மூலையை உரசிக்கொண்டு போகிற பார்வைக் கோடு வண்டியின் நடுப் பகுதிக்கு வந்து சேர, பின்னால் 17 மீட்டர் போக வேண்டியிருக்கிறது. அதாவது லோடு வண்டிக்குப் பின்னால் நட்ட நடுவில் ஐம்பது அடிக்குள் யார் நின்றாலும் எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டார்கள். குழந்தை மட்டும் இல்லை, ஆறடி ஆளும் தெரியமாட்டார். தார்ப்பாய் பக்கவாட்டில் உப்பிக்கொண்டிருந்தால் அந்த 20 சென்டிமீட்டரும் குறைந்து, மறைவு இன்னும் நீளும். அந்த வண்டிக்காரர் இரண்டு கண்ணாடியையும் நூறு முறை பார்த்திருந்தாலும் பேத்தி தெரிந்திருக்க மாட்டாள்.

மறுநாள் அவரும் நானும் அதே களத்தில் இதைச் சோதித்துப் பார்த்தோம். நீங்களும் செய்யலாம், காலணா செலவில்லை. மூன்று அடி உயரத்துக்கு ஒரு சோளத்தட்டையை வெட்டி நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டுகிறவர் வழக்கம்போல் உட்கார வேண்டும், எக்கிப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் தட்டையைத் தரையில் ஊன்றி, வண்டியின் மூக்கிலிருந்து அடி அடியாகப் பின்வாங்க வேண்டும். துணி கண்ணில் பட்ட இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இப்படியே முன்னால், இடது பக்கம், வலது பக்கம், பின்னால் எல்லாம் செய்து, கோடுகளைச் சேர்த்துவிடுங்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது பூராவும் குருட்டு நிலம். லோடு இல்லாமல் ஒரு முறை, லோடோடு ஒரு முறை செய்ய வேண்டும். பிறகு வீட்டிலிருக்கிற பிள்ளைகளை அழைத்து, அந்தக் கோட்டுக்குள் நிற்கவைத்து, "நீ இங்கே நின்னா தாத்தாவுக்குத் தெரியமாட்டே" என்று காட்டுங்கள். நாம் வாயால் நூறு தடவை சொல்வதைவிட இது அவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

நாங்கள் செய்தபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது இடது முன் மூலைதான். டிரைவர் வலது பக்கம் உட்காருவதால், இடது மூலை அவருக்குத் தூரம். அந்தப் பக்கம் மறைகிற நிலம் வலது பக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. நடுவில் மூன்றாவது ஆளை உட்காரவைத்துப் பார்த்தோம், இடது கண்ணாடியே பாதி போய்விட்டது. எத்தனை பேர் முன்னால் உட்காரலாம் என்பது ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும், அதற்குமேல் ஒருவரை நெருக்கி ஏற்றுவது கியர் போடவும் இடைஞ்சல், பார்வைக்கும் இடைஞ்சல். பின்னால் சரக்கு மேல் கூலியாட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

முன் கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்குகிற தூண் இருக்கிறதே, அதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தூண் 10 சென்டிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம் என்றால், 20 மீட்டருக்கு அப்பால் அது சுமார் ஒரு மீட்டர் அகலத்தை மறைக்கிறது. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போதே இந்தக் கதி. நேரே வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு மீட்டர் அகலம் இருக்காது, ஆகவே முழுசாக ஒளிந்துகொள்ளும். வலது பக்கம் திரும்பும்போது இது மிகவும் மோசம், ஏனென்றால் வலது தூண் டிரைவருக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. திரும்புவதற்கு முன் உடம்பை முன்னும் பின்னும் ஒரு சாண் அசைத்துப் பாருங்கள், தூணுக்குப் பின்னால் இருப்பது வெளியே வந்துவிடும். பழைய லாரி டிரைவர்கள் ஸ்டியரிங் மேல் சாய்ந்து சாய்ந்து பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சாமி படத்தைப் பற்றிச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். டேஷ்போர்டின் மேல் படம், ஊதுபத்திக் குழல், கண்ணாடியில் பூமாலை, எலுமிச்சம்பழம், துண்டு, மேலே பட்டையாகப் பெயர் ஸ்டிக்கர். நான் பக்திக்கு எதிரி இல்லை. படத்தைத் தாழ்வாக, கண்ணாடி விளிம்புக்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் வெயிலில் அதன் நிழல் முன் கண்ணாடியில் விழுந்து, பார்வையைக் கலைக்கும். கறுப்புத்தாள் ஒட்டுவது வேண்டாம். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தேய்ந்த வைப்பர் ரப்பர் கண்ணாடியில் கீறல் போட்டால், ராத்திரி எதிர் லைட் அந்தக் கீறலில் பட்டு, கண்ணை முழுவதும் கூசவைக்கும். ரப்பர் மாற்ற ஆகும் செலவு அற்பம்.

ரிவர்ஸ் கேமரா வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார், பிக்கப் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் கார்களுக்குப் பின்பக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயம் ஆயிற்று. சரக்கு வண்டியில் கேமராவை மேலே வைத்தால் தார்ப்பாய் மறைத்துவிடும். பின் கதவுக்குக் கீழே, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சேறு அடிக்கும், ஆகவே மழைக்காலத்தில் தினமும் துடைக்க வேண்டும். குவிந்த வட்டக் கண்ணாடி வாங்கிப் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினால் சக்கரத்தை ஒட்டிய இடம் தெரியும். ஆனால் குவிந்த கண்ணாடி எதையும் சிறிதாகவும் தூரமாகவும் காட்டும். பின்னால் வருகிற பஸ் வெகு தூரத்தில் இருப்பதாக நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

அந்தக் களத்து மேட்டுக்காரர் இந்த ஆண்டு பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்க இருந்தார். "எதைத்தான் சார் வாங்கறது?" என்று என்னையே கேட்டார். உங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும். பாரம் ஒரு டன்னுக்கு மேல், நெடுஞ்சாலையில் சேலம், பெங்களூர் என்று நீண்ட ஓட்டம் என்றால் நான் மூக்கு வண்டிக்கே ஓட்டுப் போடுவேன். கொல்லைக்கும் களத்துக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும், பிள்ளைகள் நடமாடுகிற தெருவுக்குள் ஒரு நாளைக்கு இருபது தடவை முன்னும் பின்னும் எடுக்கிற வேலை என்றால் தட்டை முகம் நல்லது. அவருக்கு அரூர்ச் சந்தையும் உள்ளூர் ஓட்டமும்தான் அதிகம், ஆகவே தட்டை முகம் என்றேன். அவரோ மகன் சொல்லைக் கேட்டு மூக்கு வண்டியையே வாங்கிவிட்டார். சரி, அவர் பணம், அவர் இஷ்டம். ஆனால் பின் கதவின் கீழே கேமரா வைத்திருக்கிறார், ரிவர்ஸ் எடுக்கும்போது ஓர் ஆளை இறக்கி, பின்னால் வலது பக்கத்தில், தன் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிறுத்துகிறார். அந்த ஆள் கண்ணாடியில் தெரியாமல் போன நொடியே பிரேக் போடுவது என்று அவர்களுக்குள் பேச்சு. ஆள் இல்லாத நாளில், சாவியைப் போடுவதற்கு முன் தானே இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறுகிறார்.

சோளத்தட்டைச் சோதனை செய்து பார்க்க விரும்புகிறவர்கள், கதிர் அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும்போது செய்யுங்கள், சாலையில் வேண்டாம். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.